பருப்பை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நள்ளிரவில், வலது காலின் பெருவிரல் அடிமூட்டு கொதிநீரில் முக்கியதுபோல் எரியத் தொடங்கியது. மெல்லிய போர்வை உரசினால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விடிந்து பார்த்தபோது மூட்டு பளபளவென்று சிவந்து வீங்கியிருந்தது. பாதம் செருப்புக்குள் நுழைய மறுத்தது. இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 8.4 மில்லிகிராம் இருந்தது. கவுட் என்றார் மருத்துவர்; யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் நோய். வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து, தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் பயறு, பருப்பு, பட்டாணி, சோயா என்ற வரியின் கீழே பேனாவால் இரண்டு கோடுகள் இழுத்தார். "இதையெல்லாம் அறவே விட்டுடுங்க" என்றார். "சரிங்க டாக்டர்" என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் இறைச்சியோ மீனோ உண்பதில்லை. பாலும் சிறிதளவே ஒத்துக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டு கோடுகளும் நான் அன்றாடம் உண்ட புரதத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டன என்பதை அப்போது கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அடுத்த 18 மாதங்களில் கவுட் இரண்டு முறை திரும்பி வந்தது. அதே காலத்தில் இன்னொன்றும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து எழும்போது என்னையறியாமல் தொடையில் கையூன்றத் தொடங்கியிருந்தேன். கால்சட்டை தொடைப்பகுதியில் தொளதொளத்தது. எடை நான்கு கிலோ குறைந்ததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேனே தவிர, குறைந்தது கொழுப்பா தசையா என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போது எனக்கு 58 வயது.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். எண்களோடு பழகும் வேலை என்பதால், ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளைப் பார்த்து மிரளாத பழக்கம் மட்டும் உண்டு. எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுகளோடு உலகில் ஏறத்தாழ 171 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அத்தனை பேரில் பலருக்கும் ஏதோ ஓர் உணவுப் பட்டியல் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல்கள் எதன் அடிப்படையில் எழுதப்படுகின்றன என்று தேடத் தொடங்கியபோது எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான் கண்ணில் பட்டது. பயறு வகைப் புரதத்தைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை, உடலுக்குள் ஒரு பொருள் என்னவாக மாறும் என்ற வேதியியலிலிருந்து நேராக நோய்க்குத் தாவியவை. இடையில் உள்ள மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது விடை வேறாக இருந்திருக்கிறது.

முதலில் கவுட். பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பயறுகளில் பியூரின் உண்டு. ஆகவே பயறு கவுட்டைக் கிளப்பும் என்பது வாதம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே உண்மைதான். அமெரிக்காவில் பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் போன்ற மருத்துவத் துறை ஆண்களை நீண்டகாலம் பின்தொடரும் ஆய்வொன்று உண்டு. அதில் 47,150 பேரின் உணவையும், 12 ஆண்டுகளில் அவர்களில் யாருக்குக் கவுட் வந்தது என்பதையும் ஹியோன் சோயும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்டார்கள். புதிதாகக் கவுட் வந்தவர்கள் 730 பேர். இறைச்சியை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட 41 சதவீதமும், கடலுணவில் 51 சதவீதமும் ஆபத்து கூடியிருந்தது. பால் பொருள்களை அதிகம் உண்டவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பட்டாணி, அவரை, பருப்பு, கீரை, காளான் என்று பியூரின் மிகுந்த தாவர உணவுகளுக்கோ கவுட்டோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. சிங்கப்பூர்ச் சீனர்களிடையே நடந்து 2015-இல் வெளியான மற்றொரு நெடுங்கால ஆய்வில், சோயா உணவையும் பிற பயறுகளையும் கூடுதலாக உண்டவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு சற்றுக் குறைந்தே இருந்தது.

வேதியியல் பொய்த்துவிடவில்லை, அது பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறது. உடலில் உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம்முடைய சொந்த உயிரணுக்கள் சிதைவதிலிருந்தே வருகிறது. உணவின் பங்கு மீதிதான். அதிலும் பியூரின்கள் அனைத்தும் ஒன்றுபோல் யூரிக் அமிலத்தை உயர்த்துவதில்லை. சோயாவை உண்ட சில மணி நேரத்தில் இரத்தத்தில் யூரிக் அமிலம் சிறிது உயர்வதைக் குறுகிய சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தச் சிறு உயர்வு நோயாகத் திரள்வதாக நெடுங்கால ஆய்வுகள் காட்டவில்லை. இங்கே ஒரு சின்ன எரிச்சலையும் பதிவு செய்துவிடுகிறேன். மருத்துவமனைத் தாள்களில் ஒட்டப்படும் பியூரின் அட்டவணைகள் பல, பயறை உலர்ந்த நிலையில் நூறு கிராமுக்குக் கணக்கிடுபவை. வேகவைத்தால் பயறு தண்ணீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு எடையாகிறது. தட்டில் உள்ள நூறு கிராமில் அந்த எண்ணின் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். வேகாத பயறையும் சமைத்த மீனையும் ஒரே நிரலில் வைத்து ஒப்பிடுவது, நனையாத துணியையும் நனைந்த துணியையும் ஒரே தராசில் நிறுத்துவது போன்றது.

இந்தக் கட்டுரைகளின் நகல்களை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பருப்பை நீங்க விட்டதுக்குப் பதிலா மாத்திரையை ஆரம்பிச்சிருக்கணும்" என்றார். திரும்பத் திரும்ப வரும் கவுட்டுக்கு யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு; 6.8-ஐத் தாண்டினால் அது படிகமாக உறையும் தன்மையை அடைந்துவிடுகிறது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினார். சில மாதங்களில் எண் 5.6-க்கு வந்தது. பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். 17 விநாடிகள் ஆயின. 15 விநாடிகளுக்கு மேல் போனால் தசை வலிமை குறைந்திருக்கலாம் என்பது 2019-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐரோப்பிய வரையறை. பிடி வலிமைக் கருவியை அமுக்கியபோது முள் 28 கிலோவில் நின்றது. ஆண்களுக்கு 27-க்குக் கீழே போனால்தான் குறை என்கிறது அதே வரையறை. கையளவில் தப்பினேன், காலளவில் தப்பவில்லை. வயதோடு தசை கரைந்துபோகும் இந்த நிலைக்குச் சார்கோபீனியா என்று பெயர்.

இங்கிருந்துதான் என் வாசிப்பு உண்மையில் சூடுபிடித்தது. கவுட்டைப் பொறுத்தவரை பயறு குற்றவாளி இல்லை என்பது தெளிந்துவிட்டது. தசையைப் பொறுத்தவரை அது போதுமான புரதமா என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை கிடைக்கவில்லை.

பயறுப் புரதத்தின் மீது வைக்கப்படும் குறை இரண்டு. மெத்தியோனைன் முதலிய கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அதில் குறைவு. தானியங்களில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய இருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்பவருக்கு இந்தக் குறை பெரிதும் நிரம்பிவிடும். இரண்டாவது லியூசின். தசைக்குள் புதிய புரதத்தைக் கட்டும் வேலையைத் தொடங்கிவைக்கும் சாவி இந்த அமினோ அமிலம். பாலிலிருந்து பிரிக்கப்படும் வே புரதத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் லியூசின் இருக்கிறது. சோயா, பட்டாணிப் புரதங்களில் ஏறத்தாழ எட்டு, மைசூர்ப் பருப்பில் ஏழு. 2009-இல் கனடாவில் இளைஞர்களை வைத்து நடந்த சோதனையில், எடை தூக்கும் பயிற்சிக்குப் பின் வே புரதம் குடித்தவர்களின் தசையில் புரதம் உருவாகும் வேகம், சோயா குடித்தவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் "சோயா வேஸ்ட்" என்று சொல்பவர்கள் அனைவருக்கும் இதுவே வேத வாக்கு. அளந்தது மூன்று மணி நேரம், ஒரு பிரிவுக்கு ஆறு பேர் என்பதை யாரும் சொல்வதில்லை.

வாரக்கணக்கில் அளந்தவர்கள் என்ன கண்டார்கள்? பிரான்சில் 161 இளைஞர்கள் 12 வாரங்கள் எடைப்பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினர் நாள்தோறும் இரண்டு முறை 25 கிராம் பட்டாணிப் புரதம், இன்னொரு பிரிவினர் அதே அளவு வே புரதம், மூன்றாம் பிரிவினர் வெற்றுப் பொடி. கைத்தசையின் தடிமன் கூடியதில் பட்டாணிக்கும் வேக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. இந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பட்டாணிப் புரதம் தயாரிக்கும் நிறுவனம் என்பதால் நான் அதை ஒரு கண்ணால்தான் படித்தேன். ஆனால் 2021-இல் பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. விலங்குப் பொருள் எதையும் தொடாத 19 இளைஞர்கள், எல்லாம் உண்ணும் 19 இளைஞர்கள். முதல் பிரிவுக்குச் சோயாப் பொடி, இரண்டாவதற்கு வே பொடி. இரு தரப்பினரின் மொத்தப் புரதமும் நாளொன்றுக்குக் கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் இருக்குமாறு சரிசெய்தார்கள். 12 வாரம் கழித்துக் கால் தசையின் நிறையும் வலிமையும் இரு தரப்பிலும் ஒரே அளவில் கூடியிருந்தன. மொத்தம் போதுமான அளவு கிடைத்துவிட்டால், மூலம் எது என்ற கேள்வியின் எடை குறைந்துவிடுகிறது.

"போதுமான அளவு கிடைத்துவிட்டால்" என்பதில்தான் என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கல். மேலே சொன்ன இளைஞர்கள் பொடி குடித்தார்கள். நான் பருப்பு உண்பவன். முதியவர்களின் தசை, சாவிக்கு அவ்வளவு விரைவாகத் திறப்பதில்லை என்பதால் 2013-இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதமும், ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராமும், அதில் 2.5 கிராமுக்குக் குறையாமல் லியூசினும் பரிந்துரைத்தது. ஒருநாள் காலை சமையலறைத் தராசை எடுத்து அளந்து பார்த்தேன். 110 கிராம் உலர்ந்த மைசூர்ப் பருப்பு வெந்து வடிந்தபோது 320 கிராம் ஆயிற்று. ஒரு பெரிய கிண்ணம் விளிம்புவரை நிரம்பியது. வேகவைத்த பருப்பில் நூறு கிராமுக்கு 9 கிராம் புரதம் என்ற கணக்கில் அந்தக் கிண்ணத்தில் 29 கிராமுக்கு அருகில் புரதம், ஆனால் லியூசின் 2.1 கிராம்தான். அதை முழுதும் உண்டு முடித்தபோது மதியம் பசிக்கவேயில்லை. நார்ச்சத்து வயிற்றை அடைத்துக்கொள்வது எடை குறைக்க விரும்புபவருக்கு வரம், தசை சேர்க்க விரும்பும் மெலிந்த முதியவருக்கு இடைஞ்சல். அமெரிக்காவில் 70 முதல் 79 வயதுக்குட்பட்ட 2,066 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், அதிகப் புரதம் உண்டவர்கள் குறைவாக உண்டவர்களைவிட 40 சதவீதம் குறைவாகவே தசையை இழந்தார்கள். ஆனால் அந்தத் தொடர்பு விலங்குப் புரதத்தில் தெளிவாகவும் தாவரப் புரதத்தில் மங்கலாகவும் இருந்தது. எனக்குப் பிடிக்காத முடிவு என்பதற்காக இதை விட்டுவிட முடியாது.

எலும்பு விஷயத்தில் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. இங்கே வேதியியல் பயறுக்குச் சாதகமாக இருந்தது. கந்தக அமினோ அமிலங்கள் சிதைந்தால் கந்தக அமிலம் உருவாகும். அதைச் சமன்செய்ய எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் வெளியேறும். ஆகவே கந்தகம் மிகுந்த இறைச்சிப் புரதம் எலும்பை அரிக்கும், பயறு அரிக்காது என்றார்கள். சிறுநீரில் கால்சியம் கூடியது உண்மை. பின்னாளில் கால்சியத்தின் ஓரிடத்தான்களை, அதாவது எடை சற்றே மாறுபட்ட கால்சிய அணுக்களை, அடையாளமாகக் கொண்டு தடம் பிடித்தபோது, அந்தக் கூடுதல் கால்சியத்தில் பெரும்பகுதி குடலில் கூடுதலாக உறிஞ்சப்பட்டதிலிருந்து வந்தது என்று தெரிந்தது. எலும்பின் பருமனில் ஏறத்தாழப் பாதி புரதமே என்பதால், புரதக் குறைவுதான் அதற்குப் பெரிய பகை என்ற பக்கம் கருத்து சாய்ந்துவிட்டது.

எலும்பு முறிவுகளை எண்ணியவர்களின் முடிவுகள் இரண்டை மட்டும் அருகருகே வைக்கிறேன். பிரிட்டனில் ஏறத்தாழ 55,000 பேரைச் சராசரியாகப் பதினேழரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளியானது. விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து, இறைச்சி உண்பவர்களைவிட 2.3 மடங்கு. கேட்டால் நடுங்கவைக்கும் எண். ஆயிரம் பேரைப் பத்தாண்டு கவனித்தால் ஏறத்தாழ 15 முறிவுகள் கூடுதல் என்று பொருள். உடல் எடை, கால்சியம், புரதம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு முழுதாக மறையவில்லை. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த 33,208 பேரிடம் நடந்த 2014-ஆம் ஆண்டு ஆய்விலோ, நாள்தோறும் ஒருமுறையாவது பயறு உண்டவர்களுக்கு, வாரம் ஒருமுறைகூட உண்ணாதவர்களைவிட இடுப்பெலும்பு முறிவு 64 சதவீதம் குறைவு. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். முதலாவது, எதை விலக்கினார்கள் என்பதை வைத்து மனிதர்களைப் பிரித்தது. இரண்டாவது, எதை உண்டார்கள் என்பதை வைத்துப் பிரித்தது. நான் பருப்பையும் விட்டு இறைச்சியும் உண்ணாமல் இருந்த அந்த 18 மாதங்களில் இரண்டு ஆய்வுகளிலும் மோசமான பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

சோயாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிளைக்கதை உண்டு. அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் என்னும் பொருள்கள் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனைச் சற்றே ஒத்தவை என்பதால், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புக்கு அவை காப்பாகும் என்று நம்பினார்கள். ஷாங்காயில் 24,403 பெண்களிடம் நடந்த ஆய்வில், உணவாகச் சோயாவை மிக அதிகம் உண்டவர்களுக்கு முறிவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஐசோஃபிளேவோனைப் பிரித்தெடுத்து நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மாத்திரையாக 248 பெண்களிடம் இரண்டாண்டு சோதித்த அமெரிக்க ஆய்வு 2011-இல் வெளிவந்தது. எலும்பு அடர்த்தியில் பயன் ஏதும் இல்லை. இத்தாலியில் ஜெனிஸ்டீன் என்னும் ஒரேயொரு ஐசோஃபிளேவோனை மட்டும் பிரித்துக் கொடுத்தபோது அடர்த்தி கூடியது. இந்தக் குழப்பத்தில் மாத்திரை விற்பவர்கள் எந்த ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு நாள்தோறும் 40 கிராம் சோயாப் புரதத்தை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த 2004-ஆம் ஆண்டுச் சோதனையில் வலி சற்றுக் குறைந்தது, அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கு. 135 பேர் மட்டுமே கொண்ட அந்த ஒரு சோதனையை நம்பி முழங்காலை ஒப்படைக்க எனக்கு மனமில்லை.

பயறுகளை நான் புகழ்ந்துகொண்டே போவதாக யாருக்கேனும் தோன்றினால், இந்தக் குடும்பத்தின் இருண்ட அறையையும் காட்டிவிட வேண்டும். பூவுக்காக வளர்க்கும் ஒருவகைப் பட்டாணிக் கொடியின் விதைகளை 1930-களில் எலிகளுக்கு உணவாகக் கொடுத்தபோது அவற்றின் முதுகெலும்பு வளைந்தது, எலும்புகள் கோணின. அந்த விதையிலுள்ள ஒரு நச்சு, உடலைத் தாங்கும் புரதமான கொலாஜனின் இழைகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டும் நொதியை முடக்கிவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. கட்டு இல்லாத இழைகளால் எலும்பும் தசைநாணும் இரத்தக்குழாய்ச் சுவரும் உறுதியிழக்கின்றன. கொலாஜன் பின்னல் எப்படி உருவாகிறது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அந்த வளைந்த எலிகளிடமிருந்து வந்தது. அந்தக் கொடியின் உறவான கேசரிப் பருப்பில் இருக்கும் நச்சு வேறு. அது நரம்பைத் தாக்கிக் கால்களை விறைக்கச் செய்யும். 1942 குளிர்காலத்தில் ருமேனிய ஆட்சியின் கீழிருந்த வாப்னியார்க்கா முகாமில் யூதக் கைதிகளுக்கு இதையே முதன்மை உணவாகப் போட்டார்கள். நூற்றுக்கணக்கானோரின் கால்கள் செயலிழந்தபோது, காரணம் பருப்புதான் என்று இனங்கண்டு சொன்னவர் அங்கேயே கைதியாக இருந்த மருத்துவர் ஆர்தர் கெஸ்லர். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த தீவனப் பயிரான குதிரை மசாலின் முளைகளை உண்ட குரங்குகளுக்கு, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்க்குறிகள் தோன்றியதை 1982-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பொறுப்பாகக் கருதப்படும் கனவானின், அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைப்போல் வேடமிட்டுப் புரதங்களுக்குள் நுழையக்கூடியது. இவை எதுவும் நாம் அன்றாடம் வேகவைக்கும் பயறுகளைப் பற்றியவை அல்ல. அன்றாடப் பயறுகளில் கவனிக்க வேண்டியது, செரிமான நொதிகளைத் தடுக்கும் பொருள்கள் வேகாத பயறில் இருப்பதும், நன்கு ஊறவைத்துக் கொதிக்கவைத்தால் அவை பெரும்பாலும் அழிந்துவிடுவதும்தான்.

மாத்திரையைத் தொடங்கிய சில மாதங்களில் மருத்துவரின் சம்மதத்தோடு பருப்புக்குத் திரும்பினேன். ஒரே வேளையில் ஒரு பெரிய கிண்ணத்தை விழுங்கும் முயற்சியைக் கைவிட்டு, இரண்டு வேளைக்குப் பிரித்து, ஒரு வேளை சோயாவும் சேர்த்துக்கொள்கிறேன். சோயாவில் அதே அளவு புரதம் குறைந்த எடையில் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு கவுட் வரவில்லை. யூரிக் அமிலம் கடைசியாகப் பார்த்தபோது 5.4. நாற்காலிச் சோதனையை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே செய்து நோட்டுப்புத்தகத்தில் எழுதி வருகிறேன். 17, 16, 16, 14, 14, 12 என்று இறங்கியிருக்கிறது. ஆனால் பருப்பை மீண்டும் தொடங்கிய அதே வாரத்தில்தான், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்கும் பயிற்சியையும் தொடங்கினேன். ஒப்பிட இன்னொரு நான் இல்லை. ஆகவே அந்த ஐந்து விநாடிகளில் எத்தனை பருப்புடையது, எத்தனை படிக்கட்டுடையது என்று என் நோட்டுப்புத்தகத்தால் சொல்ல முடியாது.